பதினாலாவது டேக்

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையே கிடையாது என்று ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் அடுத்த நிமிஷமே ஒரு பேயைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். நான் அப்படி ஆரம்பிக்கப் போவதில்லை. என் தொழிலைச் சொல்கிறேன், நான் எதை நம்பக்கூடிய ஆள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சோலார் பண்ணைகளுக்குத் திருட்டுப் பாதுகாப்பு செய்து கொடுப்பது என் வேலை. வெயிலைத் திருட முடியுமா என்று கேலி செய்யாதீர்கள், வருஷக்கணக்காகக் கேட்டுச் சலித்துவிட்டேன். வெயிலைத் திருட முடியாது, ஆனால் அந்த வெயிலைக் கொண்டுபோகிற செப்புக் கேபிளைத் திருடலாம், பேனலையே கழற்றிக்கொண்டு போகலாம். ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஏக்கர் ஏக்கராக விரித்துப் போட்ட பொருளை எப்படிக் காப்பது? கம்பி வேலி, வேலிக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத கதிர், வெப்பம் பார்க்கிற கேமரா, கழற்ற முடியாத நட்டு. இருட்டில் ஏதோ அசைந்தால் அது நரியா, நாயா, மனிதனா என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். இத்தனை வருஷத்தில் நான்காவதாக ஒன்று அசைந்ததே இல்லை. கருவி பொய் சொல்லாது, மனிதன்தான் சொல்வான் என்று யாரிடமும் அடித்துப் பேசுவேன். என் மனைவி விசாலம் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவள்.

எங்கள் வீடு டாக்குரியாவில். கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவன் நான், விசாலம் கல்யாணமாகி வந்து வங்காளம் கற்றுக்கொண்டவள், இப்போது மீன்காரியோடு சண்டை போடாத குறையாகப் பேசுகிறாள். பழைய வீட்டின் தரைத்தளம். பின்பக்கம் சமையலறை, அதையடுத்து ஒரு மரக்கதவு, அதைத் திறந்தால் ஒரு சின்னச் சந்து, அதற்கு அப்பால் ரயில் பாதை. இந்தக் கதவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், நியூ டவுனைத் தாண்டி, மீன் வளர்க்கும் குளங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சோலார் பண்ணையில் இரண்டு தடவை கேபிள் திருட்டுப் போயிற்று. எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். நான் போய் மற்ற எல்லாவற்றோடு காவலாளிகள் ரவுண்டு வருவதைக் கண்காணிக்கிற ஏற்பாட்டையும் செய்தேன். அது ரொம்ப எளிது. வேலியைச் சுற்றிப் பதின்மூன்று தூண்களில் ரூபாய் நாணயம் அளவுக்கு எண் போட்ட ஒவ்வொரு வில்லை, டேக் என்போம். காவலாளி கையில் டார்ச் மாதிரி ஒரு ரீடர். அதைக் கொண்டுபோய் டேக்கில் ஒட்டித் தொட்டால்தான் 'பீப்' என்று சத்தம் வரும், எந்த டேக், எத்தனை மணி என்று உள்ளே பதிவாகும். ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தாலும் பதிவாகாது. ரவுண்டு போகாமல் போனேன் என்று சொல்ல முடியாது.

சொல்ல முடியாது என்றுதான் நான் நினைத்தேன். முதலில் இருந்த காவலாளி ஒரே வாரத்தில் பதின்மூன்று டேக்கையும் தூணிலிருந்து நெம்பி எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் ஒரு பலகையில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொண்டான். போர்வையை விட்டு எழுந்திருக்காமலே ரவுண்டு போய்க்கொண்டிருந்தான். பதிவுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை வைத்து நான்தான் கண்டுபிடித்தேன், நான்தான் ரிப்போர்ட் எழுதினேன், அன்றைக்கே அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். எனக்கு அன்று பெருமையில் தலைகால் புரியவில்லை.

அவனுக்குப் பதில் வந்தவர்தான் நிமாய்தா. கானிங் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியாக, காதை மூடிய குரங்குக் குல்லாவோடு இருப்பார். நான் அவரை 'நிமாய்தா' என்பேன், அவர் என்னை 'தாதா' என்பார், இரண்டுக்கும் அண்ணன் என்றுதான் அர்த்தம், எங்களில் யார் மூத்தவர் என்பது இதுவரை தீரவில்லை. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், இந்த வேலையை நம்பித்தான் படிப்பு. அவர் ரவுண்டு போகிற அழகை நான் எங்கேயும் பார்த்ததில்லை. குளக்கரை என்பதால் பாம்பு அதிகம். ஒவ்வொரு தூணிலும் மூங்கில் தடியால் மூன்று தட்டு தட்டி, ஒரு இருமல் இருமி, பாம்புக்கு நகர நேரம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் ரீடரை நீட்டுவார். வழியில் பூட்டோ கதவோ வந்தால் அதை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'பொந்தோ' என்று வாய்விட்டுச் சொல்வார். மூடியிருக்கிறது என்று வங்காளத்தில் அர்த்தம். யாரிடம் சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கதவுக்கிட்டதான் தாதா. பார்த்தாச்சுன்னு அதுக்கும் தெரியணும் இல்லையா" என்றார். அவர் பேசுவது வங்காளம், நான் தமிழில் சொல்கிறேன்.

டேக் வந்த பெட்டியில் பதினாலு இருந்தன. பதின்மூன்று போக ஒன்று உபரி. கம்ப்யூட்டரிலும் '14, உபரி' என்று பதிந்திருந்தேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் என்றால், "என்ன வேலை பாக்கறேள்னு யாராவது கேட்டா எனக்குச் சொல்லவே தெரியலை" என்று விசாலம் ரொம்ப நாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளக்கிக் காட்டலாம் என்று பின்கதவு நிலையில் இரண்டு ஸ்க்ரூ போட்டு அதை முடுக்கினேன். அன்று கையோடு கொண்டுவந்திருந்த ரீடரால் 'பீப்' என்று தொட்டுக் காட்டி முழு விளக்கமும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இங்க ரவுண்டு யார் வருவா?" என்றாள். டேக் அங்கேயே இருந்துவிட்டது.

துர்கா பூஜை முடிந்தால் தெரிந்தவர் வீடுகளுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போவது இந்த ஊர் வழக்கம். அந்த வருஷம் நிமாய்தா ஒரு மண்சட்டி ரசகுல்லாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். விசாலம் இலை போட்டுப் புளியோதரை, தயிர்சாதம், வடை எல்லாம் வைத்தாள். புளியோதரையை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவப் பின்பக்கம் போனவர் நிலையில் இருந்த டேக்கைப் பார்த்துவிட்டுத் திகைத்துப் போனார். விஷயத்தைச் சொன்னோம். ஒரே சிரிப்பு. ரீடர் பண்ணையில் இருந்தது, அதனால் வெறும் விரலை டேக்கில் வைத்து, வாயாலேயே 'பீப்' என்றார். கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். தாழ்ப்பாள் ஆடிற்று. முகம் மாறிவிட்டது.

"பௌதி, இந்தத் தாழ்ப்பாளை மாத்துங்க. இன்னியிலேருந்து இந்தக் கதவும் என் டியூட்டி, எனக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துடாதீங்க" என்றார். பௌதி என்றால் அண்ணி. பிறகு கதவைப் பார்த்து, 'பொந்தோ' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இதெல்லாம் அக்டோபரில். நான் சொல்ல வந்தது ஜனவரியில் நடந்தது.

ஜனவரியில் அந்தக் குளங்களின் மேல் மூடுபனி இறங்கினால் நம் கையே நமக்குத் தெரியாது. வேலிக்கு உள்ளே இருக்கிற கதிரைப் பனி மறைத்துவிடும், யாரோ குறுக்கே போனதாக நினைத்து அலாரம் கத்தும். ராத்திரியெல்லாம் கத்திக்கொண்டே இருந்தால் யார் தூங்குவது? அதைச் சரிசெய்ய நான் அங்கேயே ஒரு ராத்திரி தங்கினேன். கண்ட்ரோல் ரூமில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, கேமராத் திரை எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நம்பினால் நம்புங்கள், அந்த ராத்திரியில் எனக்கு ஒரு கெட்ட கனவுகூட வரவில்லை.

ஆறு மணிக்கு டியூட்டி முடிந்து நிமாய்தா உள்ளே வந்தார். ரீடரை என் மேஜைமேல் வைத்தார், குல்லாவை உதறினார். இரண்டு பேரும் ஃப்ளாஸ்க் டீயை ஊற்றிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். அவராகவே ஆரம்பித்தார்.

"தாதா, இன்னிக்குப் பனியில வழி தவறிட்டேன்."

"வேலியைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறவர் எப்படி வழி தவறுவீங்க?"

"அதான் எனக்கும் புரியலை. எட்டாம் தூணைத் தொட்டேன். ஒன்பதாவதுக்குக் கால்வாய் ஓரமா நடந்தேனா, நடுவுல ஒரு கதவு. டிரான்ஸ்ஃபார்மர் ரூம் பக்கம் வந்துட்டேன் போலன்னு நினைச்சேன். உள்ளேயிருந்து பால் தீஞ்ச வாசனை. யாரோ அடுப்புல பாலை வெச்சுட்டுத் தூங்கிட்டாங்கன்னு தட்டினேன். யாரும் வரலை. கதவு ஓரத்துல டேக் இருந்துது, தொட்டேன், பீப் வந்துது. இன்னும் பலமாத் தட்டினேன். எங்கேயோ லோக்கல் டிரெயின் போற சத்தம். அப்புறம் நாலு எட்டு வெச்சா ஒன்பதாம் தூண்."

அந்தப் பக்கம் ரயிலே கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் ரூமில் யாரும் பால் காய்ச்சவில்லை. ராத்திரியெல்லாம் கண் விழித்தவர், தூக்கக் கலக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தேன்.

ஆறே முக்காலுக்கு விசாலம் போன் செய்தாள்.

"ஏன்னா, நிமாய்தா எங்க இருக்கார்?"

"என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சிண்டிருக்கார். ஏன்?"

"விளையாடாதீங்கோ. இங்க வந்து பின்கதவைத் தட்டிட்டுப் போயிருக்காரே!"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்ன உளறுகிறாய் என்றேன். அவள் உளறவில்லை, வரிசையாகச் சொன்னாள். இரண்டு நாளாக அவளுக்கு ஜுரம். வழக்கம்போல அஞ்சரைக்கு முன்னாலேயே எழுந்து பாலை அடுப்பில் வைத்தாள், உடம்பு தள்ளாடவே, ஒரு நிமிஷம் என்று போய்ப் படுத்தவள் தூங்கிவிட்டாள். குளிர் என்று ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"மூணு தட்டு. அப்பறம் இருமல். அப்பறம் பீப்னு ஒரு சத்தம். நீங்க வந்து காமிச்சேளே, அந்தச் சத்தம். இன்னும் வேகமா மூணு தட்டு. இவர் எங்க இந்த நேரத்துலன்னு விளக்குகூடப் போடாம எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். திறந்தப்பறம்தான் வாசனையே தெரிஞ்சுது. கேஸை மூடிட்டு, ஜன்னலெல்லாம் திறந்து விட்டேன். வெளியில பாத்தா யாருமில்லை, ஒரே பனி. வாசனை போகட்டும்னு ஆறு இருபது வரைக்கும் கதவைத் திறந்தே வெச்சிருந்தேன், அப்பறம்தான் சாத்தினேன். உங்களுக்கு அப்பவே போன் பண்ணியிருப்பேன், ராத்திரி முழிச்சிருப்பேளேன்னு விட்டுட்டேன்."

அவள் தூங்கியே இருந்தால்? எழுந்து வந்து வழக்கம்போல விளக்கு ஸ்விட்சைப் போட்டிருந்தால்? முப்பது வருஷமாக ஊரார் வேலிக்கெல்லாம் அலாரம் வைத்தவன் நான், என் சமையலறையில் ஒன்றும் இல்லை. எதிரே நிமாய்தா, "பௌதிக்கு உடம்பு சரியில்லையா தாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். லேசா ஜுரம் என்றேன். இஞ்சி தட்டிப்போட்டு டீ குடிக்கச் சொல்லுங்க என்றார்.

அவரை அனுப்பிவிட்டு ரீடரைக் கம்ப்யூட்டரில் செருகினேன். எட்டாம் தூண், அஞ்சு நாற்பத்தொன்று. ஒன்பதாம் தூண், அஞ்சு ஐம்பத்தொன்று. அந்த இரண்டுக்கும் நடுவே நடக்க எப்போதும் பத்து நிமிஷம்தான் ஆகும், அன்றும் சரியாகப் பத்து. அந்தப் பத்து நிமிஷத்துக்கு நடுவில் ஒரு வரி. '14, உபரி. அஞ்சு நாற்பத்தாறு.'

இனிமேல்தான் உண்மையான சங்கடம். இதே ரிப்போர்ட் தானாகவே நியூ டவுனில் இருக்கிற பண்ணைக்காரர்கள் ஆபீசுக்கும் போய்விடும். பத்து மணிக்கு மேனேஜர் வந்து நின்றார். சின்னப் பையன், கெட்டிக்காரன், நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தான்.

"சுந்தரம் பாபு, இங்க பதின்மூணு டேக்தான் இருக்கு. பதினாலு எங்கேயிருந்து வந்தது?"

"அது என் வீட்டுல இருக்கு. கதவுல முடுக்கி வெச்சிருக்கேன்."

"அப்ப நேத்து ராத்திரி எப்படி இங்க வந்தது?"

விசாலத்திடம் சொல்லிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நிலை, இரண்டு ஸ்க்ரூ, நடுவில் டேக், அதில் 14 என்ற எண், எல்லாம் தெளிவாக இருந்தது. அவன் பார்த்துவிட்டு, போட்டோ எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமே என்றான். உபரி டேக்கை நிமாய்தாவிடம் நான் கொடுத்திருக்கிறேன், அதை வைத்து அவர் ஏதோ தில்லுமுல்லு பண்ணப் பார்த்து எண் மாறி மாட்டிக்கொண்டார், இதுதான் அவன் கணக்கு. "போன ஆளை நீங்கதானே இப்படிப் பிடிச்சீங்க? கருவி பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றான். கையெழுத்துப் போட ஒரு தாளை என் பக்கம் தள்ளினான். டேக்கை இடம் மாற்றி வைத்து மோசடி, காவலாளியை நீக்கப் பரிந்துரை என்று அடித்திருந்தது.

அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதுதான் எனக்கு வலித்தது. உண்மையைச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பான், நிமாய்தாவின் வேலையும் போகும், அந்தப் பெண்ணின் படிப்பும் போகும். என் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்பதற்காக ஒரு மனிதனை வேலையைவிட்டு அனுப்புவதா? அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேறு தாள் கேட்டு வாங்கி என் கையாலேயே எழுதினேன். 'ரீடரில் கோளாறு. தவறான பதிவு. பொருத்தியவன் என்ற முறையில் பொறுப்பு என்னுடையது. காவலாளி மேல் எந்தத் தவறும் இல்லை.'

மேனேஜர் இரண்டு தடவை படித்தான். கருவி பொய் சொல்லுமா என்று கேட்டான். எப்போதாவது சொல்லும் என்றேன். என் தொழில் வாழ்க்கையிலேயே நான் எழுதிய ஒரே பொய் அது. எங்கள் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு மெமோ வந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன். ரீடரை மாற்றிக் கொடுத்தார்கள். பழையதை நான் கேட்டு எடுத்துக்கொண்டேன், எத்தனையோ தடவை சோதித்துவிட்டேன், அதில் ஒரு கோளாறும் இல்லை.

நிமாய்தா இன்னும் அதே பண்ணையில்தான் இருக்கிறார். மகள் படிப்பை முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கேஸ் விஷயத்தை விசாலம் அவரிடம் சொல்லத்தான் சொன்னாள். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "டியூட்டின்னு சொன்னேனே பௌதி" என்றார், புளியோதரை இருக்கிறதா என்று கேட்டார். ஒவ்வொரு பூஜை முடிந்தும் வருகிறார். விரலால் டேக்கைத் தொட்டு 'பீப்' என்கிறார், கதவை இழுத்துப் பார்க்கிறார். தாழ்ப்பாளை நான் மறுநாளே மாற்றிவிட்டேன். டேக்கைக் கழற்றலாமா என்று ஒரு தடவை கேட்டதற்கு விசாலம் என்னைப் பார்த்த பார்வையில், அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். ஜனவரி வந்தால் விடியற்காலையில் பின்கதவுப் படியில் ஒரு டம்ளர் காப்பி வைக்கிறாள். அது பூனைக்கா என்று கேட்டால் ஆமாம் என்கிறாள். எந்த ஊர்ப் பூனை காப்பி குடிக்கும்?

இவ்வளவுதான் என்று முடித்திருப்பேன். விசாலத்துக்கும் தெரியாத, நிமாய்தாவிடமும் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது.

ஆபீசுக்குப் போகிற ரிப்போர்ட் டியூட்டி முடிகிற ஆறு மணியோடு நின்றுவிடும். ரீடரின் உள்ளே இருப்பது நிற்காது. பழைய ரீடரை வீட்டுக்கு எடுத்து வந்தபிறகு ஒருநாள் முழுப் பதிவையும் இறக்கிப் பார்த்தேன். அந்தத் தேதியில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது. '14, உபரி. ஆறு இருபது.'

விசாலம் பின்கதவைச் சாத்திய அந்த ஆறு இருபதுக்கு ரீடர் என் மேஜைமேல் இருந்தது. என் கண்முன்னால் இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. 'பீப்' என்று அது ஒரு தடவை கத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது, பேட்டரி தீர்ந்துபோய்க் கத்துகிறது என்று நினைத்தேன். எதிரே நிமாய்தா டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோப்பையை வாயிலிருந்து எடுத்து, எனக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்து, "பொந்தோ" என்றார். பிறகு மிச்ச டீயைக் குடித்தார்.